ஹெரால்டுக்கு ஃபைபர் பானட்டா, இரும்பு பானட்டா: இரண்டுக்கும் காசு அழுதவனின் கதை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றுக்கு ஃபைபர் (கண்ணாடி இழை) பானட் வாங்கி, பதினான்கு மாதம் அதோடு பெங்களூரில் ஓட்டி, வெறுத்துப்போய்க் கழற்றிவிட்டு, காயலான் கடைக்குப் போக இருந்த பழைய இரும்பு பானட்டையே டிங்கரிங் செய்து திரும்ப மாட்டியிருக்கிறேன். ஃபைபருக்கு ஐந்துக்கு இரண்டு. இரும்புக்கு நாலு, ஒன்றைக் குறைத்தது மேஸ்திரி இழுத்தடித்த நாட்களுக்காக. அதே வண்டியில் ஃபைபரில் செய்த இன்னொரு பாகம் இருக்கிறது, அதற்கு ஐந்துக்கு ஐந்து. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி மாமனாருடையது. மார்க் த்ரீ, நாலு கதவு. பதினைந்து வருடம் திருவான்மியூர் வீட்டுக் கொட்டகையில், கடற்காற்றில் நின்றது. "மெட்ராஸ்ல செஞ்ச வண்டி மாப்ளே, சும்மா தூக்கிப் போட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். லாரியில் ஏற்றி அல்சூருக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்று, ஹெட்லைட்டைச் சுற்றி விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பானட்டுக்கு ஏன் இவ்வளவு புலம்பல் என்று தோன்றும். இதன் பானட் மற்ற கார்களைப் போல ஒரு மூடி அல்ல. இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் எல்லாம் சேர்ந்து வண்டியின் மூஞ்சியே முன்பக்கக் கீலில் மொத்தமாகச் சாய்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின், முன் சக்கரம், சஸ்பென்ஷன் எல்லாம் கண் முன்னால், டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு 948 சிசி எஞ்சினில் வேலை பார்க்கலாம். வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலொட்டி. பிரிட்டனில் 1959இல் வந்த வண்டி இது. அந்தக் காலத்தில் மற்ற கார்கள் எல்லாம் சேஸியை விட்டுவிட்டு ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தபோது இது மட்டும் தனி சேஸி மேல் போல்ட் போட்டு மாட்டிய பாகங்களாக வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கதை உண்டு: இதைச் செய்த ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டியாளரான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், துண்டு துண்டாகப் பல இடங்களில் அடித்து வாங்கிப் பூட்ட வேண்டியதாயிற்று. அப்படிப் பூட்டுகிற வண்டி என்பதால்தான் மெட்ராஸ் மாதிரி ஊர்களுக்குப் பாகங்களாக அனுப்பிக் கோர்ப்பதும் சுலபமாக இருந்தது.

இந்தப் போல்ட் சமாசாரம்தான் என்னை ஏமாற்றியது. கழற்றி மாட்டுகிற பாகம்தானே, பழையதை எடுத்துவிட்டு ஃபைபரை வைத்துப் பூட்டினால் முடிந்தது, துரு என்ற பேச்சே இல்லை, பிரிட்டனில் ஹெரால்டுக்கும் அதன் உறவுக்கார ஸ்பிட்ஃபயர் காருக்கும் இன்றைக்கும் ஃபைபர் பானட் விற்கிறார்களே என்று நினைத்தேன். வில்சன் கார்டனில் ஒரு டிங்கர் மேஸ்திரி பழைய பானட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுபதாயிரம் ஆகும், எப்போது முடியும் என்று கேட்காதீங்க என்றார். பீன்யாவில் ஒரு ஃபைபர் பட்டறை, பெயர் வேண்டாம், முப்பத்திரண்டாயிரம், மூன்று வாரம் என்றது. நீங்களாக இருந்தால் எங்கே போயிருப்பீர்கள்?

பட்டறையைக் குறை மட்டும் சொல்லக் கூடாது. மரியாதையாகப் பேசினார்கள், வேலையை ஒளிக்காமல் காட்டினார்கள். பானட் வார்க்கிற அச்சின் உள்பக்கம் மெழுகு தேய்த்து, முதலில் ஜெல் கோட் அடிக்கிறார்கள், அது அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும், வெளியே தெரியப்போகிற வழவழப்பான தோல் அதுதான். அது இறுகியதும் கண்ணாடி இழைப் பாயை, அவர்கள் பேச்சில் 'மேட்', வெட்டி வைத்து, ரெசினில் ஹார்டனரைக் கலந்து பிரஷ்ஷால் ஊற வைத்து, காற்றுக் குமிழி போக உருளையால் உருட்டுகிறார்கள். நாலு அடுக்கு. ஹார்டனர் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான், ஆனால் அந்தக் கணக்கில்தான் எல்லாமே இருக்கிறது, குறைந்தால் வேகாது, கூடினால் சூடேறி முறுகிவிடும். நான் அங்கே போனது டிசம்பரில், நம் ஊர் டிசம்பர் காலை எப்படி இருக்கும் என்று தெரியும், பதினைந்து பதினாறு டிகிரிக்கு ரெசின் சோம்பேறியாகிவிடும். அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பானட் ஒரு மாதம் முழுக்க பெயின்ட் கடை மாதிரி நாறியபோதுதான் யோசித்தேன். அந்த வாடை ஸ்டைரீன், முழுதாக வேகாத ரெசினிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும் சரக்கு.

எடை என்னவோ சந்தோஷம். பழைய பானட்டைக் கழற்ற நானும் மச்சினனும் சேர்ந்து முக்கினோம். ஃபைபரை நான் ஒருத்தனே குடை மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். கணக்கும் சரியாகத்தான் வருகிறது: எஃகு தண்ணீரை விட 7.85 மடங்கு கனம், இந்த மாதிரி மேட் ஃபைபர் ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். 0.9 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டர் ஏழு கிலோ, 3 மி.மீ. ஃபைபர் நாலரை கிலோ. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். எனக்கு நடந்தது, முன் ஸ்பிரிங் பழைய எடைக்குப் பழகியதால் மூக்கு ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் "அங்கிள், கார் எதையோ மோந்து பாக்குது" என்றான்.

மாட்டிய நாள்தான் உண்மையான பரீட்சை. இடது பக்கம் கதவுக்கும் பானட்டுக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர் இடைவெளி, அழகு. வலது பக்கம் பதினொன்று. கீலைத் தளர்த்தி, நகர்த்தி, வாஷர் வைத்து, வலதைச் சரி செய்தால் இடது கதவைப் போய் முட்டுகிறது. பட்டறையிலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்றார், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று. ஊருக்கே பொதுவான மந்திரம், ஆனால் எதை அட்ஜஸ்ட் செய்வது? பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அச்சு எடுத்தது யாரோ ஒருவருடைய பழைய ஹெரால்டு பானட்டிலிருந்து. அந்த வண்டி எப்போதோ எதிலோ இடித்து, அடித்து நிமிர்த்தி, பட்டி பூசியது. அந்தக் கோணலும் பட்டியும் அச்சில் அப்படியே பதிந்து, என் வீட்டுக்குப் புத்தம் புதுசாக வந்து சேர்ந்திருக்கிறது. ஃபைபர் என்பது ஜெராக்ஸ். மூலத்தில் கறை இருந்தால் நகலிலும் கறை. வாங்குவதற்கு முன் விலையும் கனமும் விசாரித்தேன், அச்சு எந்த வண்டியிலிருந்து என்று கேட்கத் தோன்றவில்லை.

வில்சன் கார்டன் மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினேன். குடியாத்தத்துக்காரர், நாற்பது வருடமாக இங்கே. பானட் ஓரத்தைப் பிடித்து மெல்ல வளைத்தார், வளைந்தது, விட்டார், பழைய இடத்துக்கே போய் நின்றது. "பாத்தீங்களா சார்? தகரம் சொன்னா கேக்கும். இது கேக்காது. கோபப்பட்டா ஒடஞ்சுடும்." இதற்கு மேல் யாரும் எனக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இரும்பைத் தட்டி நீட்டலாம், சூடு காட்டிச் சுருக்கலாம், எந்த வண்டிக்கு வருகிறதோ அந்த வண்டிக்குத் தக்கபடி நடக்கும். ஃபைபர் அச்சில் என்னவாகப் பிறந்ததோ அதுதான், ஒன்று தேய்க்கலாம், அல்லது மேலே பூசி வளர்க்கலாம்.

அப்புறம் எர்த். இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை. பழைய வண்டிகளில் விளக்குக்கு ஒரு வயர்தான் போகும், திரும்பி வருகிற மின்சாரம் பாடி வழியாகவே பேட்டரிக்குப் போய்ச் சேரும். ஃபைபரில் மின்சாரம் போகாது. முதல் ராத்திரி இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குகிறது, ஹெட்லைட் போட்டால் பார்க்கிங் லைட் கண் சிமிட்டுகிறது, எல்லாம் ஒன்றின் வழியாக இன்னொன்று திருட்டு வழி தேடுகின்றன. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாகக் கறுப்பு வயர் இழுத்து சேஸியில் போல்ட் போட்டதும் சரியாகிவிட்டது. எண்ணூறு ரூபாய் வேலை, ஆனால் எலக்ட்ரீஷியனுக்குக் காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது.

மூன்றாவது மாதம் கீல் போல்ட்டைச் சுற்றி ஜெல் கோட்டில் நட்சத்திரம் மாதிரி மெல்லிய விரிசல். நம் தெருக்களில் பத்தடிக்கு ஒரு ஹம்ப், ஒவ்வொன்றிலும் இந்தப் பெரிய பானட் ஒரு குலுக்கு குலுங்கும், அத்தனை உதறலும் அந்த இரண்டு போல்ட் ஓட்டையில்தான் போய் இறங்கும். ஒழுங்காகச் செய்கிறவர்கள் அந்த இடத்தில் இழை அடுக்குகளுக்கு நடுவே ஓர் இரும்புப் பட்டையைப் புதைத்து வார்ப்பார்கள். என்னுடையதில் இல்லை, கூடவே உள்பக்க விலா எலும்பு மாதிரியான தாங்கிகளும் பாதிதான்.

பெயின்ட் கதை இன்னும் மோசம். அடித்த அன்று கண்ணாடி. ஏப்ரல் வெயில் முடிந்ததும் சாய்வாகப் பார்த்தால் அடியில் இருக்கும் மேட்டின் நாரெல்லாம் மேலே தெரிகிறது, வடித்த சாதத்தின் மேல் மெல்லிய துணி போர்த்தியது போல. ரெசின் முழுதாக வேகும் முன்பே பெயின்ட் அடித்துவிட்டோம், மிச்ச வேக்காடு வெயிலில் நடந்தது, அது சுருங்கச் சுருங்க இழையின் அச்சு வெளியே வந்துவிட்டது. வண்டியிலேயே மாட்டி, சரியான இடத்தில் பூட்டி, இரண்டு மூன்று வாரமாவது நல்ல வெயில் காட்டிவிட்டு அப்புறம்தான் பிரைமரே தொட வேண்டுமாம். இதைச் சொன்னது பெயின்டர், பெயின்ட் அடித்து ஆறு மாதம் கழித்து.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ரிச்மண்ட் சர்க்கிளில் ஓர் ஆட்டோ உரசி வலது மூலையில் உள்ளங்கை அளவு பிய்ந்துபோனது. கால் கிலோ ரெசினும் ஒரு முழம் மேட்டும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நானே ஒட்டினேன், செலவு ஐந்நூறுக்குள், வெல்டிங் இல்லை, சத்தம் இல்லை. கையில் அரிப்பு மட்டும் இரண்டு நாள், அம்மா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள், அது ஆகாது, குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்த ஒரு வசதியில் ஃபைபரை இரும்பு நெருங்க முடியாது.

ஃபைபர் கார் என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. அமெரிக்காவில் 1953இல் வந்த முதல் கார்வெட் கார்கள் முன்னூறும் ஃபைபர் பாடிதான். அவ்வளவு தூரம் ஏன், நம் பெங்களூரிலேயே சிபானி நிறுவனம் 1982இல் டால்பின் என்று விட்டதே, பிரிட்டிஷ் ரிலையன்ட் கிட்டனை வைத்துச் செய்தது, 848 சிசி, முழு பாடியும் ஃபைபர். மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டு வாசலில் ஒன்று நிற்கிறது, போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன், கதவு இன்றைக்கும் டப் என்று மூடுகிறது. ஆனால் அதற்கு அடியில் தனியாக இரும்பு சேஸி உண்டு, பாடியின் வளைவு, கீல், வயரிங் எல்லாமே இது ஃபைபர் என்று தெரிந்தே வரைந்தது. இரும்புக்காக வரைந்த ஒரு மூஞ்சியை அச்செடுத்து ஃபைபரில் ஊற்றுவது வேறு சமாசாரம். தகடாக இருக்கும்போது அந்த மடிப்புகள் தரும் விறைப்பு, அதே வடிவத்தில் ஃபைபருக்கு வருவதில்லை, அதற்கு வேறு இடத்தில் கனம் கூட்ட வேண்டும்.

கடைசித் தள்ளு தள்ளியது ஓர் அரசாங்க விதி. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 'விஏ' என்ற எழுத்தோடு நம்பர், கட்டணம் இருபதாயிரம், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியையோ பாடி ஷெல்லையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று சில காரணங்களுக்குத்தான். நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் 'அசல்' என்ற சொல்லைப் படித்துவிட்டு பானட்டைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சரி, இரும்புக்கு வருவோம். பழைய பானட்டை மாடியில் பிளாஸ்டிக் சீட் போர்த்தி வைத்திருந்தேன். சிவாஜி நகரில் பழைய இரும்பு வாங்கும் குஜ்ரிக்காரர் கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டும் போயிருந்தார், நல்ல வேளை. மேஸ்திரி முதலில் செய்தது காந்தம் ஒட்டிப் பார்த்ததுதான், ஒட்டாத இடமெல்லாம் சாக்பீஸால் வட்டம். வட்டங்களைச் சுரண்டினால் சில இடத்தில் பட்டி அரை விரல் கனம். துரு எல்லாம் ஒரே மாதிரி இடங்களில்தான்: ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றி, மட்கார்டு ஓரம் மடிகிற இடத்தில், சக்கர வளைவு உள்ளே இரண்டு தகடு சேர்கிற இடுக்கில். சக்கரம் வாரி அடிக்கிற சேறு அங்கே போய் உட்கார்ந்து ஈரத்தோடேயே கிடக்கும், துரு உள்ளேயிருந்து வெளியே வரும், நாம் பார்க்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையை ஓட்டை மேல் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினார். அதை 20 கேஜ் இரும்புத் தகட்டில் வைத்து வெட்டி, மணல் மூட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவந்தார், நாலு தட்டு, பானட்டில் வைத்துப் பார்ப்பது, மறுபடி நாலு தட்டு. வெல்டிங்கில் கோடு இழுக்கவே இல்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, ஈரத் துணியால் ஒற்றுவது, தொட்டுப் பார்ப்பது, சூடு ஆறினால்தான் அடுத்தது. ஒரே மூச்சில் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் அப்பளம் மாதிரி உப்பிவிடும். ஓரிடத்தில் அப்படி உப்பியும்விட்டது. அந்த மேட்டின் உச்சியில் நாலணா அளவுக்குச் சிவக்கச் சூடு காட்டி, சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத் துணியை அழுத்தினார். டொக் என்று ஒரு சத்தம், மேடு உள்ளே போய்விட்டது. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து டீ வாங்கி வரச் சொன்னார்.

குறைகளும் உண்டு. ஆறு வாரம் என்றது ஐந்து மாதம் ஆனது, ஊர்த் திருவிழா, மருமகள் வளைகாப்பு, மழை, கரண்ட் இல்லை, எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் எழுபத்தெட்டாயிரம் கொடுத்தேன், பெயின்ட் தனி. இடது மட்கார்டில் ஓரிடத்தில் காந்தம் இன்னும் தயங்கித்தான் ஒட்டுகிறது, கேட்டால் "அது தோல் மாதிரி மெல்லிசா வெச்சது சார்" என்கிறார். துருவும் ஒருநாள் திரும்ப வரும். எபாக்சி பிரைமர் அடித்து, இடுக்கெல்லாம் மெழுகு பீச்சி, தண்ணீர் வடிகிற ஓட்டைகளை எல்லாம் தோண்டிவிட்டிருக்கிறேன். இங்கே கடல் இல்லாததால் திருவான்மியூர் அளவுக்குச் சீக்கிரம் அரிக்காது என்ற தைரியத்தில் இருக்கிறேன். சென்னைக்காரர்கள் என்னை அப்படியே பின்பற்ற வேண்டாம், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் இடைவெளி இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர். பக்கவாட்டுக் கொக்கி இரண்டும் ஒரே அழுத்தில் விழுகின்றன. மூக்கும் இறங்கிவிட்டது.

இப்போது அந்த ஐந்துக்கு ஐந்து. ஹெரால்டில் கியர்பாக்ஸை மூட உள்ளே ஒரு உறை உண்டு, கழற்றி எடுக்கிற மாதிரி. கம்பெனியிலிருந்து வந்ததே கெட்டி அட்டைதான். மழைத் தண்ணீரும் எண்ணெயும் குடித்து ஐம்பது வருடத்தில் அப்பளக் கட்டு மாதிரி நொறுங்கி, கால் பக்கம் முழுக்க சூடும் புகையும். அதே பீன்யா பட்டறையில் அதை ஃபைபரில் செய்து வாங்கினேன், மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஈரம் பட்டால் ஊறாது, எர்த் வேண்டாம், இடைவெளி யாரும் அளக்கப்போவதில்லை, மேலே கார்ப்பெட் போட்டுவிட்டால் நாரும் தெரியாது. அசலை விட நன்றாக இருக்கிறது. மாமனாரிடம் காட்டினேன், "அந்தக் காலத்துல இதைக் குடுத்திருந்தா என் கால் வெந்திருக்காது" என்றார்.

நீங்கள் ஃபைபர்தான் என்று முடிவு செய்துவிட்டால், முழுப் பணம் கொடுக்கும் முன் பெயின்ட் அடிக்காத பாகத்தை உங்கள் வண்டியில் வைத்துப் பாருங்கள், போட்டோவில் அல்ல. உள்பக்கம் திருப்பி, வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தால் அங்கே ரெசின் ஊறவில்லை. விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் திடீரென்று பொத்தென்று மாறினால் அடியில் காற்று. பஞ்சில் அசிட்டோன் நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், பிசின் மாதிரி இழுத்தால் இன்னும் வேகவில்லை. கீல் இருக்கும் இடத்தில் இரும்பு புதைத்திருக்கிறதா என்று காந்தம் வைத்தே தெரிந்துகொள்ளலாம். முக்கியமாக, அச்சு எந்த வண்டியில் எடுத்தது என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

என் ஃபைபர் பானட் இப்போது மொட்டை மாடியில் இருக்கிறது. அம்மா அதைக் கவிழ்த்து வைத்து மேலே வடாம் காயப் போடுகிறாள், வளைவாக இருப்பதால் நன்றாகக் காய்கிறதாம். டிராக்கில் ஓட்ட யாராவது ஹெரால்டு வைத்திருந்தால் வந்து எடுத்துக்கொள்ளலாம். வலது பக்கம் பதினொரு மில்லிமீட்டர், அது கூடவே வரும்.